சேல்ஸ் ரெப் சம்பளம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

விற்பனைக் குழுக்களின் இன்சென்டிவ் கணக்கைப் பார்ப்பது என் வேலை. மாதக் கடைசியில் போன் அடித்தால் அநேகமாக ஒரு ரெப்தான் (விற்பனைப் பிரதிநிதி) பேசுவார், கேட்பதும் அநேகமாக இதே கேள்விகளைத்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் பழகினவர்களுக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று தொகுத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே. உதாரணக் கணக்குகளில் எந்த நாட்டுப் பணத்தையும் போடாமல் வெறும் எண்ணாக வைத்திருக்கிறேன், உங்கள் தொகையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

1. சேல்ஸ் ரெப்புக்கு எவ்வளவுதான் வரும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

ஒரு நம்பர் சொன்னால் அது யாருக்கும் பொருந்தாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, மொத்த விற்பனையிலும் உற்பத்தி நிறுவனங்களிலும் இருக்கும் ரெப்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துத்தான் கணக்கெடுக்கிறது. தொழில்நுட்ப, அறிவியல் சாதனங்களை விற்பவர்கள் ஒரு பக்கம், மற்ற சரக்கை விற்பவர்கள் இன்னொரு பக்கம். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், 2023 மே கணக்கில் முதல் கூட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலர், இரண்டாவதற்கு ஏறக்குறைய 65,000 டாலர். நாடும் வேலைப் பெயரும் ஒன்றுதான். விற்கிற பொருளால் மட்டும் இவ்வளவு இடைவெளி.

ஆகவே "எவ்வளவு?" என்று கேட்பதோடு "எதை விற்றதற்கு, எந்தக் கட்டத்தில், என்ன கணக்கில்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். இந்த வேலையில் தொகையைத் தீர்மானிப்பது விதிகள். கீழே வரும் பாதிக் கேள்விகள் அந்த விதிகளைப் பற்றியவை.

2. ஃபிக்ஸட், வேரியபிள், கமிஷன், இன்சென்டிவ், போனஸ்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் வருவது ஃபிக்ஸட். விற்ற தொகையில் இத்தனை சதவீதம் என்று வருவது கமிஷன். டார்கெட்டை எட்டினால் இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லி வைத்திருப்பது இன்சென்டிவ். போனஸ் பெரும்பாலும் கம்பெனி லாபத்தையும் மேலிடத்து மனசையும் பொறுத்தது. ஃபிக்ஸட் தவிர்த்த எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் வேரியபிள்.

பல கம்பெனிகள் இந்தப் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றிப் போடும். தலைப்பைப் பார்க்காமல் கணக்கிடும் வரியைப் படியுங்கள். "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்று அங்கே இருந்தால் அதை மாத வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. விளம்பரத்துல "மாதம் இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்"னு போட்டிருக்கு. நம்பலாமா?

"வரை" என்ற சொல்லுக்குப் பிறகு வரும் தொகை, ஒருத்தருக்கு ஒரே ஒரு மாதம் கிடைத்ததாகக்கூட இருக்கலாம். கொஞ்சம் ஒழுங்கான கம்பெனிகள் "டார்கெட்டில் 100 சதவீதம் முடித்தால் மொத்தம் இவ்வளவு" என்று சொல்லும். அது பரவாயில்லை, ஆனாலும் பாதி விவரம்தான். 100 சதவீதத்தை எத்தனை பேர் எட்டினார்கள் என்பது மீதிப் பாதி.

இன்டர்வியூவில் இதை நேராகவே கேட்கலாம்: "போன வருஷம் இந்த டீமில் எத்தனை பேர் முழு டார்கெட்டை முடித்தார்கள்?" பாதிக்கு மேல் என்றால் அந்தத் தொகைக்கு அர்த்தம் இருக்கிறது. பத்தில் ஒருவர் என்றால் அது சுவரில் ஒட்டுவதற்கான தொகை. பதில் சொல்ல மழுப்பினால் அதுவும் பதில்தான்.

4. எனக்கு 60:40ன்னு சொல்றாங்க. நல்லதா கெட்டதா?

மொத்தம் 100 என்றால் 60 ஃபிக்ஸட், 40 வேரியபிள் என்று பொருள். நல்லதா என்பது நீங்கள் விற்கிற பொருளைப் பொறுத்தது. வாடிக்கையாளர் வாங்குவதும் வாங்காததும் பெரும்பாலும் ரெப்பின் கையில் இருக்கிற வியாபாரங்களில் வேரியபிள் அதிகமாக இருப்பது இயல்பு. வீடு, கார், காப்பீடு எல்லாம் அந்த ரகம். ஒரு ஆர்டர் முடிய ஒன்றரை வருஷம் ஆகும், இன்ஜினியர், சர்வீஸ் ஆள், கணக்குப் பிரிவு எல்லோரும் உள்ளே வருவார்கள் என்றால் ஃபிக்ஸட்தான் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய இயந்திரம் விற்பவருக்கு 30:70 கொடுத்தால் முதல் ஆர்டர் வருவதற்கு முன்னால் அவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். டார்கெட்டில் 70 சதவீதம்தான் முடிந்தது, வேரியபிள் சதவீதத்துக்கு நேராகக் கிடைக்கும் என்றால் 60-உம் 28-உம் சேர்ந்து 88. முழுக்க கமிஷன் என்றால் 70. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருந்து அதற்குக் கீழே போய்விட்டால் வெறும் 60. மோசமான மாதத்தில் கைக்கு வருவதில் வீட்டுச் செலவு ஓடுமா என்பதுதான் முதல் சோதனை.

5. ஒரே கம்பெனி, ஒரே அனுபவம். பக்கத்து சீட்காரனுக்கு மட்டும் எப்படி ரெண்டு மடங்கு வருது?

பெரும்பாலும் ஏரியாதான் காரணம். பழைய வாடிக்கையாளர்கள் வரிசையாக இருக்கும் ஏரியாவில் ஆர்டர் தானாக வரும், ரெப் அதைப் பதிவு செய்தால் போதும். புது ஏரியாவில் கம்பெனி பெயரையே அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே சதவீத கமிஷன் என்றால் பணம் திறமைக்குப் போகவில்லை, இடத்துக்குப் போகிறது. டார்கெட்டை ஏரியாவுக்குத் தகுந்தபடி வைத்தால் ஓரளவு சரியாகும், ஆனால் அதற்கு யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

மற்ற காரணங்களும் உண்டு: பொருளில் கம்பெனிக்குக் கிடைக்கும் லாபம், புது வாடிக்கையாளரா பழைய வாடிக்கையாளரா, வாங்குவது தனி ஆளா பெரிய நிறுவனமா. அனுபவம் இந்த வரிசையில் நீங்கள் நினைப்பதைவிடக் கீழேதான் வரும். நல்ல ஏரியாவுக்குப் போன இரண்டு வருஷக்காரர், வறண்ட ஏரியாவில் நிற்கும் பத்து வருஷக்காரரைத் தாண்டிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

6. கமிஷன்ல ஆண் பெண் வித்தியாசம் வராதுல்ல? வித்தா காசு, அவ்வளவுதானே?

கமிஷன் சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கையில் கொடுக்கப்படும் வாடிக்கையாளர்கள் ஒன்றாக இல்லை. ஜானிஸ் மேடன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் இரண்டு பெரிய பங்குத் தரகு நிறுவனங்களின் விவரங்களை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்களுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்ட வாடிக்கையாளர் கணக்குகள் ஆண்களுக்குக் கொடுத்தவற்றைவிட வளம் குறைந்தவை. சமமான கணக்குகளைக் கொடுத்தபோது பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே விற்றார்கள்.

முந்தைய பதிலில் ஏரியாவைப் பற்றிச் சொன்னதேதான் இங்கேயும். விலகிப் போனவரின் வாடிக்கையாளர்களை யாருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். சம்பள உயர்வு அங்கேதான் சத்தமில்லாமல் நடக்கிறது.

7. பேசவே கூச்சப்படுவேன். எனக்கெல்லாம் சேல்ஸ்ல காசு வருமா?

வரும். அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், போனில் விற்கும் 340 பேரைப் பார்த்தார். அதிகம் விற்றவர்கள் கலகலப்பில் முதலிடத்தில் இருந்தவர்களும் இல்லை, ஒதுங்கி இருப்பவர்களும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். வாயாடிகளுக்கு எதிராளி சொல்வதைக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

8. போன வருஷம் டார்கெட்டைத் தாண்டினேன். பரிசா இந்த வருஷம் டார்கெட்டை ஏத்திட்டாங்க. இது நியாயமா?

இந்தப் புகார் புதியதில்லை. அமெரிக்காவில் 1884-ல் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியைத் தொடங்கிய ஜான் பேட்டர்சன், தன் விற்பனையாளர்களுக்கு ஆளுக்கொரு எல்லையைப் பிரித்து, அதற்கு ஒரு கோட்டாவும், அதாவது விற்றாக வேண்டிய அளவும் வைத்தார். அவரிடம் வேலை பழகிய தாமஸ் வாட்சன்தான் பிறகு ஐ.பி.எம்.மை வளர்த்தவர். இன்று நம் தலையில் இருக்கும் டார்கெட்டின் பரம்பரை அது.

போன வருஷ விற்பனை, அதன் மேல் பத்தோ இருபதோ சதவீதம் என்று டார்கெட் வைப்பது சோம்பேறி வழி. உழைத்தவரைத் தண்டித்து, தூங்கியவருக்குச் சலுகை கொடுக்கும் வழியும்கூட. ரெப்களும் சும்மா இருப்பதில்லை. இந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டது என்று தெரிந்தால், கையில் இருக்கும் ஆர்டரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பார்கள். ஏரியாவில் மொத்தம் எத்தனை பேர் வாங்கக்கூடும், அதில் நமக்கு இப்போது எவ்வளவு பங்கு என்று பார்த்து வைத்தால்தான் நியாயம் பேச முடியும். வாதாடப் போகும்போது "ரொம்ப அதிகம் சார்" என்று சொல்லாமல், இந்த எண்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

9. டார்கெட்ல 92 சதவீதம் முடிச்சேன். இன்சென்டிவ் ஒத்தப் பைசா வரல. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றாமல் இருக்கலாம். உங்கள் திட்டத்தில் 95 சதவீதம் வந்தால்தான் இன்சென்டிவ் தொடங்கும் என்று எழுதியிருக்கும். இப்படி ஒரு வாசற்படி வைப்பதும், அதற்கு மேல் ஸ்லாப் ஸ்லாபாக, அதாவது படிப்படியாக ஏற்றுவதும், 100 தாண்டினால் விகிதத்தைக் கூட்டுவதும் சாதாரணம். சிக்கல் என்னவென்றால், ஒரே அளவு விற்றவர்களுக்கு வெவ்வேறு தொகை வரும்.

ஒரு கணக்கு. முழு இன்சென்டிவ் மாதம் 40. டார்கெட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. 80 முதல் 99 வரை பாதி, அதாவது 20. 100 எட்டினால் முழு 40. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.8. முதல் ரெப் இரண்டு மாதமும் 99 சதவீதம் முடிக்கிறார். அவருக்கு 20-உம் 20-உம் ஆக 40. இரண்டாமவர் முதல் மாதம் 79, அடுத்த மாதம் 119. முதல் மாதம் பூஜ்யம், அடுத்த மாதம் 40-உம் 15.2-உம். ஆக 55.2. இரண்டு மாதமும் கூட்டினால் இருவரும் விற்றது அதே 198 சதவீதம்தான்! மாதக் கடைசியில் ஆர்டர்கள் ஏன் திடீரென்று காணாமல் போகின்றன, அல்லது திடீரென்று குவிகின்றன என்று கேட்கும் மேனேஜர்கள் முதலில் தங்கள் ஸ்லாப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

10. ஆர்டர் எடுத்துக் கொடுத்தாச்சு. கமிஷன் மட்டும் வர மாட்டேங்குது. ஏன்?

"விற்பனை" என்று உங்கள் கம்பெனி எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பாருங்கள். சிலருக்கு ஆர்டரில் கையெழுத்து விழுந்ததும் கணக்கு. சிலருக்கு பில் போட்டதும். பலருக்கு வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகுதான். கடைசி வகையில், பணம் வராத ஆர்டருக்காக நீங்கள் வசூல் ஆளாகவும் அலைய வேண்டும். அந்த நேரத்தில் புது ஆர்டர் எடுக்க முடியாது, ஆகவே மறைமுகமாக இன்னொரு இழப்பு.

கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பதும் உண்டு. பொருள் திரும்பி வந்தாலோ, வாடிக்கையாளர் சில மாதங்களில் ரத்து செய்தாலோ, அடுத்த கமிஷனில் கழித்துக்கொள்வார்கள். காப்பீட்டிலும் மாதச் சந்தா சேவைகளிலும் இது மிகவும் சகஜம். எத்தனை மாதம் வரைக்கும் பிடிக்கலாம் என்ற காலவரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வந்த கமிஷனைச் செலவழிக்கவே பயமாக இருக்கும்.

11. டிஸ்கவுன்ட் கொடுத்தா ஆர்டர் சீக்கிரம் முடியுது. எனக்கென்ன நஷ்டம்?

கமிஷன் விற்பனைத் தொகையின் மீதா, லாபத்தின் மீதா? விலை 100, அடக்கம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, லாபம் 30-லிருந்து 20 ஆகிறது. விற்பனைத் தொகையில் 2 சதவீதம் உங்கள் கமிஷன் என்றால் 2 வர வேண்டிய இடத்தில் 1.8 வரும், உறைக்காது. லாபத்தில் 10 சதவீதம் என்றால் 3 வர வேண்டிய இடத்தில் 2. மூன்றில் ஒரு பங்கு போச்சு.

கம்பெனிகள் இரண்டாவது முறைக்கு மாறுவதற்கு இதுதான் காரணம். ஆனால் அப்படி மாறினால் அடக்க விலையை ரெப்புக்குக் காட்ட வேண்டும். காட்டாமல் லாபத்தில் பங்கு தருகிறோம் என்பவர்களிடம் கணக்கு சரிபார்க்கவே வழியில்லை.

12. சம்பளமே கிடையாது, கமிஷன் மட்டும்தானாம். போகலாமா?

ஏற்கெனவே வாடிக்கையாளர் தொடர்பு உள்ளவர்களுக்கு நல்ல வருமானம் தரலாம். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாத புதியவர்களுக்கு வேண்டாம் என்பேன். சில இடங்களில் மாதா மாதம் ஒரு தொகை முன்பணமாகக் கொடுத்து, பிறகு கமிஷனில் கழிப்பார்கள். கழிக்கப் போதவில்லை என்றால் மீதி உங்கள் மேல் கடனாக நிற்குமா, தள்ளுபடி ஆகுமா என்று கேளுங்கள். சம்பளம் மாதிரி தெரியும், ஆனால் கடன்.

சட்டப் பாதுகாப்பும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 1938-ல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டம், வெளியே சுற்றி விற்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் ஓவர்டைமிலிருந்தும் விலக்கு வைத்திருக்கிறது. மருந்து ரெப்கள் டாக்டரைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர நேரடியாக எதையும் விற்பதில்லை. இருந்தாலும் அவர்களும் அந்த விலக்குக்குள்தான் வருவார்கள் என்று 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

13. வண்டிச் செலவு, போன் செலவு, ஊர் சுத்துற செலவு எல்லாம் சம்பளத்துல சேருமா?

சேராது, சேர்க்கவும் கூடாது. படி என்பது நீங்கள் செலவழித்ததைத் திருப்பித் தருவது. ஆஃபர் லெட்டரில் படியையும் கூட்டி மொத்தத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தால் அதைக் கழித்துவிட்டு மற்ற ஆஃபரோடு ஒப்பிடுங்கள். எரிபொருள் விலை ஏறி, படி பழையதாகவே இருந்தால் அது சம்பளக் குறைப்பு.

14. லீவு எடுத்தா அந்த நாட்களுக்கு கமிஷன் போயிடுமா?

லீவு நாளில் ஃபிக்ஸட் வரும், ஆனால் விற்காததால் அடுத்த சில வாரங்களில் கமிஷன் குறையும். பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தில் இருந்த ஒரு விற்பனையாளர் இதை வழக்காகவே கொண்டு போனார். அவர் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் கமிஷன். லீவுச் சம்பளத்தைக் கணக்கிடும்போது கமிஷனையும் சேர்க்க வேண்டும் என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத இடங்களில், லீவு மாதத்துக்கு டார்கெட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நல்ல கம்பெனிகள் குறைக்கின்றன.

15. வேலையை விடப்போறேன். முடியுற நிலைமையில நாலு ஆர்டர் இருக்கு. அந்த கமிஷன் எனக்கா, அடுத்து வர்றவனுக்கா?

10-ஆவது பதிலில் சொன்ன "எந்தக் கட்டம்" என்பதுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. கையெழுத்துக்குக் கணக்கு என்றால், கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வசூலுக்குக் கணக்கு என்றால், "பணம் வரும் நாளில் பணியில் இருப்பவருக்கே" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அநேகமாகப் போனதுதான்.

ஐரோப்பாவில் சுயமாக இயங்கும் வணிக முகவர்களுக்கு 1986-ல் வந்த நெறிமுறை, ஒப்பந்தம் முடிந்த பிறகு நடந்த விற்பனையும் பெரும்பாலும் அவர் முயற்சியால், நியாயமான காலத்துக்குள் நடந்திருந்தால் கமிஷன் உண்டு என்கிறது. அமெரிக்க மாநிலங்களின் நீதிமன்றங்களிலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதபோது, விற்பனைக்கு மூல காரணமாக இருந்தவருக்கே கமிஷன் என்ற கொள்கை பலமாக இருக்கிறது. எங்கே இருந்தாலும், கிளம்பும் முன் ஒவ்வொரு ஆர்டரும் எந்த நிலையில் இருக்கிறது என்று மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பிறகு நினைவிலிருந்து சண்டை போட வேண்டியிருக்காது.

16. மேனேஜரா பிரமோஷன் தர்றாங்க. சம்பளம் கூடும்தானே?

ஃபிக்ஸட் கூடும். மொத்தம் குறையலாம். டீமில் முதல் இடத்தில் இருக்கும் ரெப்புக்கு வருவது அவருடைய மேனேஜருக்கு வருவதைவிட அதிகமாக இருப்பது இந்தத் தொழிலில் அதிசயமில்லை. மேனேஜரின் வேரியபிள் முழு டீமின் சராசரியைப் பின்பற்றும், அதில் உங்கள் கையை மீறியது நிறைய. விற்பதில் சந்தோஷப்படுகிறவர் சம்பளத்துக்காக மட்டும் போனால் இரண்டும் கெட்டுப்போகும்.

17. எவ்வளவு வித்தாலும் இதுக்கு மேல கிடையாதுன்னு உச்சவரம்பு வைக்கிறாங்களே, எதுக்கு?

டார்கெட் தவறாகச் சின்னதாக அமைந்துவிட்டால் கம்பெனி தப்பிப்பதற்கு. எதிர்பாராமல் வந்து விழும் ஒரு பெரிய ஆர்டருக்காகவும் வைப்பார்கள். ஆனால் வரம்பைத் தொட்ட ரெப் அன்றோடு வேலையை நிறுத்திவிடுவார். ஐ.பி.எம்.மில் ரெப்பாக இருந்த ராஸ் பெரோ, 1962-ஆம் வருஷக் கோட்டாவை ஜனவரி மாதமே முடித்துவிட்டார் என்பது பிரசித்தமான கதை. அதே வருஷம் வெளியேறி இ.டி.எஸ். என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். உச்சவரம்பு வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு ஆர்டருக்கு வைக்கலாம், ஆளுக்கு வைக்கக் கூடாது.

18. சில கம்பெனிங்க இன்சென்டிவையே எடுத்துடுச்சாமே? அப்ப ரெப்புக்கு நஷ்டம்தானே?

விற்பனைக்குப் பணம் என்பது சில இடங்களில் வாடிக்கையாளரைக் கடித்துவிடுகிறது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் டார்கெட் அழுத்தம் தாங்காமல் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள், கிளை ஊழியர்களின் விற்பனை டார்கெட்டை வங்கி நீக்கியது. பிரிட்டனில் 2012 முடிவிலிருந்து முதலீட்டு ஆலோசகர்கள் புதிய பரிந்துரைகளுக்குக் கமிஷன் வாங்குவது தடை செய்யப்பட்டது.

மருந்து நிறுவனமான ஜி.எஸ்.கே. ரெப்களின் தனிநபர் டார்கெட்டை நீக்குவதாக 2013-ல் அறிவித்தது, 2019-ல் சில நாடுகளில் இன்சென்டிவை மறுபடி கொண்டு வந்தது. நல்ல ரெப்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அப்படி. உங்கள் இடத்தில் இன்சென்டிவை எடுக்கிறார்கள் என்றால், அந்தத் தொகையில் எத்தனை பங்கு ஃபிக்ஸடில் சேர்கிறது என்று பாருங்கள். சராசரி ரெப்புக்கு அது லாபமாகவே முடியலாம், முதல் வரிசைக்காரருக்குத்தான் அடி.

19. வருஷத்து நடுவுல திட்டத்தையே மாத்திட்டாங்க. கேக்க முடியுமா?

பெரும்பாலான திட்டங்களில் "நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று ஒரு வரி இருக்கும். இனி விற்கப்போவதற்கு அதை வைத்து மாற்றலாம். ஏற்கெனவே விற்று, பழைய விதிப்படி சம்பாதித்துவிட்டதற்குப் பின்தேதியிட்டு மாற்றுவது வேறு விஷயம், அங்கே உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அதற்கு மாற்றம் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் முடிந்த ஆர்டர்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, பழைய திட்டத்தின் பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள். கம்பெனி கணினியில் மட்டும் வைத்திருந்தால் மாறிய அன்றே பழையது மறைந்துவிடும், ஆகவே சேர்ந்த நாளிலேயே ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.